கவுண்டர்னா எந்தக் கவுண்டர், மலையாளின்னா எந்த மலையாளி?

ரொம்ப நாளா மனசுக்குள்ள கிடந்து புகைஞ்சுக்கிட்டு இருந்த விஷயம் இது. கொஞ்சம் நீளமான பதிவு. மேனேஜர் பக்கத்துல இல்லாத நேரமாப் பார்த்துப் படிச்சுக்குங்க :-)

முதல்ல என்னைப் பத்தி மூணே மூணு தகவல். ஒண்ணு, சொந்த ஊர் நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை, செம்மேட்டுக்குப் பக்கம். ரெண்டு, சாதிச் சான்றிதழ்ல எங்க இனத்தோட பேர் 'மலையாளி'. மூணு, பட்டாவுல எங்க தாத்தா பேருக்குப் பின்னாடி 'கவுண்டர்'னு இருக்கும்.

இந்த மூணையும் தனித்தனியா வெளியில சொல்லிப் பாருங்க. கவுண்டர்னு கேட்ட கோயமுத்தூர் நண்பன், "அட நம்மாளு! எந்தக் கூட்டம்?"னு தோள்ல கை போடுறான். பெங்களூர் வீட்டு ஓனர், "ஓ, கவுடாவா?"ங்கிறார். மலையாளின்னு கேட்ட ஆபீஸ் சேட்டன், "நாட்டில் எவிடெயா?"ன்னு ஆரம்பிச்சுடுறார். எனக்குத் தெரிஞ்ச மலையாளமெல்லாம் மோகன்லால் படத்தோட சரி. மூணு பேரும் நல்லவங்கதான். மூணு பேர் போட்ட கணக்கும் தப்பு.

இது இதோட நின்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். ஆனா இதே கணக்கைத்தான் அரசாங்கக் கோப்பும் போடுது. அங்க தப்பானா ஒரு புள்ளையோட படிப்பு போகுது. அதனாலதான் இந்தப் பதிவு.

நான் சொல்ல வர்றது ரொம்பச் சின்ன விஷயம். ஒரே பேர் வச்சிருக்கிறவங்க எல்லாம் ஒரே ஜனம் கிடையாது. பேரை வச்சு ஆளோட மூலத்தைக் கண்டுபிடிக்க முடியாது. டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரே வரியில சொல்லணும்னா, பேர் ஒரு பிரைமரி கீ கிடையாதுங்க. இது முதல் செமஸ்டர் பாடம். ஆனா நாட்டுல பாதிப் பேர் அதைத்தான் கீயா வச்சு ஜாயின் போட்டுக்கிட்டு இருக்காங்க.

சர்நேமே இல்லாத ஊர்ல சர்நேம் பிரச்சினையா?

இப்படிக் கேட்பீங்கன்னு தெரியும். தமிழனுக்கு இருக்கிறது இனிஷியல்தானே. 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுலயே சாதிப் பட்டத்தைப் பேருக்குப் பின்னாடி போடுறதை விடணும்னு தீர்மானம் போட்டாச்சு. அந்த ஒரு விஷயத்துல நாம மத்த மாநிலங்களை விட முன்னாடி இருக்கோம்னு பெருமைப்படுறவன் நான்.

ஆனா வெளிநாட்டு ஃபாரத்துல 'கடைசிப் பேர்' கட்டம் காலியா இருந்தா விடுறதில்லையே. அப்பா பேரை அங்க தள்ளிடுறோம். அப்புறம் ஆன்சைட்ல மீட்டிங்குக்கு மீட்டிங் எங்கப்பாவைத்தான் கூப்பிடுறாங்க, நான் போய் பதில் சொல்றேன். 2022 நவம்பர்ல ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்ல ஒத்தைப் பேர் மட்டும் இருந்தா விசிட் விசாவுல உள்ளே விடமாட்டோம்னு சொன்னதும், வளைகுடா போக இருந்த நம்மாளுங்க எப்படி அலறினாங்கன்னு ஞாபகம் இருக்கும்.

அப்போலேர்ந்து ஒரு கோஷ்டி கிளம்பியிருக்கு. "பேசாம நாமளும் குடும்பப் பேர் வச்சுக்கலாம், பழைய பட்டப் பேரையே திரும்பக் கொண்டு வந்துடலாம். பேரைப் பார்த்ததும் யாரு, எந்த ஊருன்னு தெரிஞ்சுடும்"கிறாங்க. படிச்சவங்க, நல்லா எழுதுறவங்கதான் இதைச் சொல்றாங்க. அவங்ககிட்ட என் கேள்வி ஒண்ணே ஒண்ணு. தெரிஞ்சுடுமா? நிஜமாவா? வாங்க பார்ப்போம்.

கவுண்டர்

கொங்கு வேளாளக் கவுண்டர் இருக்காங்க. 1975-லேர்ந்து பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். வேட்டுவக் கவுண்டர் இருக்காங்க, அவங்க வேற. சேலம், தர்மபுரி, விழுப்புரம் பக்கம் போனா வன்னியர்கள்ல நிறையப் பேர் கவுண்டர்னுதான் போடுவாங்க. அவங்க 1989-லேர்ந்து மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல். ஆடு மேய்ச்ச பரம்பரையில வந்த குரும்பக் கவுண்டர் இருக்காங்க. வீட்டுல கன்னடம் பேசுற அனுப்பக் கவுண்டர் இருக்காங்க. ஊராளிக் கவுண்டர் இருக்காங்க. அப்புறம் மலைமேல நாங்க இருக்கோம், மலையாளிக் கவுண்டர், பழங்குடிப் பட்டியல்.

இவங்க யாரும் யாருக்கும் பங்காளி கிடையாது. கல்யாண உறவு கிடையாது. குலதெய்வம் வேற, கும்பிடுற முறை வேற, சில பேருக்கு வீட்டு மொழியே வேற. அப்புறம் எப்படி ஒரே பேர்?

ஏன்னா அது மொதல்ல சாதியோட பேரே இல்லை. அது ஒரு பதவி. ஊர்க்கவுண்டர்னா ஊர்த் தலைவர், அவ்வளவுதான். கன்னடத்துல கவுடாவும் அதே மாதிரிதான், ஊர்ப் பெரியவருக்கான பேர். ஊருக்கு ஊர் தலைவர் இருப்பார், அந்தப் பட்டம் அப்படியே குடும்பத்துக்கும் ஜனத்துக்கும் ஒட்டிக்கிடும். 'டீம் லீட்'ங்கிற பட்டம் தலைமுறை தலைமுறையா ஒட்டிக்கிட்டா என்ன ஆகும்? நூறு வருஷம் கழிச்சு எல்லா டீம் லீடும் ஒரே வம்சம்னு ஒருத்தர் மாநாடு போடுவார். இப்ப நடக்கிறது அதுதான்.

இன்னொரு கூத்து கேளுங்க. கல்வராயன் மலையை ஒரு காலத்துல மூணு ஜாகிர்தார்கள் வச்சிருந்தாங்க. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு பட்டம். மூணு பேருமே மலையாளிகள். சமவெளியில குரும்பக் கவுண்டர்னா ஒரு தனி சாதி, கல்வராயன்ல அது ஒரு மலையாளி ஜாகிர்தாரோட பட்டம். வெறும் பேரை மட்டும் எடுத்துக்கிட்டுத் தேடினா எங்க போய் நிப்பீங்க?

இதே வரிசையில பழங்குடிப் பட்டியல்ல 'ஊராளி'ன்னு ஒரு பேர் இருக்கு, சத்தியமங்கலம் காட்டுப் பக்கம் வாழுற ஜனம். ஊராளிக் கவுண்டர் வேற. நீலகிரி குறும்பர் பழங்குடி, சமவெளி குரும்பர் வேற. கொண்டா ரெட்டி பழங்குடி, ரெட்டியார் வேற. காட்டுநாயக்கன் பழங்குடி, நாயக்கர் வேற. ஒவ்வொரு மலைப் பேருக்கும் கீழே சமவெளியில ஒரு ஜோடிப் பேர் உக்காந்திருக்கு.

மலையாளி

மலையை ஆள்றவன், மலையில இருக்கிறவன், எப்படிப் பிரிச்சாலும் சரி. எங்களுக்கும் கேரளாவுக்கும் இருக்கிற உறவு 'மலை'ங்கிற ஒரு வார்த்தைதான். எங்க பேச்சு தமிழ். எங்க பெரியவங்க சொல்ற கதையும் கேரளாப் பக்கம் போகாது. காஞ்சிபுரத்துலேர்ந்து அண்ணன் தம்பிங்க கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையா ஏறிக்கிட்டாங்கங்கிறதுதான் கதை. 1909-ல வந்த எட்கர் தர்ஸ்டனோட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பத்தின பெரிய தொகுப்புலயும் இந்தக் கதை இருக்கு. கதை உண்மையா பொய்யாங்கிறது வேற பஞ்சாயத்து. ஜனம் தன்னைப் பத்தி என்ன சொல்லிக்குதுங்கிறதுக்காகச் சொன்னேன்.

கொல்லிமலை, சேர்வராயன், பச்சைமலை, கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது, ஏலகிரி, எங்க ஊருக்குப் பக்கத்துல போதமலை, இத்தனை மலையிலயும் மலையாளிங்க இருக்காங்க. 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுப் பழங்குடி மொத்தம் கிட்டத்தட்ட 7.95 லட்சம். அதுல சுமார் 3.58 லட்சம் பேர் மலையாளிகள். மாநிலத்துலயே பெரிய பழங்குடி. பழங்குடிக்குன்னு ஒதுக்கின சட்டமன்றத் தொகுதி ரெண்டே ரெண்டு, ஏற்காடு, சேந்தமங்கலம். ரெண்டும் எங்க மலைகளை வச்சு இருக்கிற தொகுதிங்க. எங்க மலை வர்றது சேந்தமங்கலத்துல.

ஆனா கொல்லிமலைன்னு சொன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 70 கொண்டை ஊசி வளைவு, ஆகாய கங்கை, அறப்பளீஸ்வரர் கோயில், மிஞ்சிப் போனா ஆடி 18 வல்வில் ஓரி விழா. பைக்குல வந்து மிளகும் அன்னாசியும் வாங்கிட்டுப் போறீங்க, சந்தோஷம். அங்க இருக்கிற ஜனத்தோட பேர் என்னன்னு கேட்டா எத்தனை பேர் சொல்வீங்க? சொன்னாலும், "மலையாளியா? கேரளாக்காரங்க கொல்லிமலையில எப்படி?"ன்னு அடுத்த கேள்வி வரும்.

எங்க மலையில ஒருத்தரை ஒருத்தர் விசாரிச்சுக்கிற முறையே வேற. எந்த நாடு, எந்த ஊர், யாரு வகையறா. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, வளப்பூர் நாடுன்னு மலை முழுக்க நாடுங்கதான். பஞ்சாயத்துக்களோட பேரே அப்படித்தான். மூணு கேள்வியில ஆளு யாருன்னு தெரிஞ்சுடும். 'கவுண்டர்'ங்கிற சொல் அந்த விசாரணையில வர்றதே இல்லை. ஏன்னா அங்க எல்லாருமே கவுண்டர்தான், அதைக் கேட்டு என்ன பிரயோஜனம்?

ஒரு இடைச்செருகல். எங்க மலை பேரே தெலுங்குல சர்நேம் தெரியுமா? அவங்க வழக்கத்துல பேருக்கு முன்னாடி வர்ற வீட்டுப் பேர், 'இண்டி பேரு'. 2023-ல வந்த வால்டேர் வீரய்யா எடுத்த இயக்குநர் பாபி பேரு பாபி கொல்லி. அதுக்காக அவரை ஓரி வம்சம்னு சொல்லி செம்மேட்டுல கட்அவுட் வைக்கட்டுமா? :-)

இனி சிரிப்பு இல்லை

பழங்குடிப் பட்டியல்ல எங்க பேர் எப்படி இருக்குன்னு சொல்றேன். 'மலையாளி'ன்னு போட்டு, பக்கத்துல ஒரு அடைப்புக்குறி. அதுக்குள்ள ஆறு மாவட்டம்: தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. 1976 திருத்தச் சட்டத்தோட வாசகம்.

சரி, இப்போ தமிழ்நாட்டு வரைபடத்தை எடுங்க. வட ஆற்காடு எங்க? 1989-ல பிரிஞ்சுடுச்சு. தென் ஆற்காடு? 1993-ல பிரிஞ்சுடுச்சு. ஜவ்வாது மலையில ஒரு பகுதி இப்போ திருப்பத்தூர் மாவட்டம், கல்வராயன்ல ஒரு பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டம், ரெண்டுமே 2019-ல பொறந்தது. எங்க நாமக்கல் மாவட்டமே 1997-ல சேலத்துலேர்ந்து பிரிஞ்சதுதான். பட்டியல்ல நாமக்கல்ங்கிற பேரே கிடையாது. நாங்க பழைய சேலத்து ஆளுங்கங்கிற கணக்குல ஓடிக்கிட்டு இருக்கோம். நாங்க கோட்ல ஒரு ஸ்ட்ரிங்கை ஹார்ட்கோட் பண்ணினா ரிவ்யூல கிழிச்சுத் தொங்க விடுவாங்க. இங்க ஒரு ஜனத்தோட உரிமையே ஹார்ட்கோட் ஆகியிருக்கு.

இதாவது பரவாயில்லை, சமாளிக்கலாம். ஈரோடு மாவட்டத்தைப் பாருங்க. அந்தியூருக்கு மேல பர்கூர் மலை, சத்தியமங்கலத்துக்கு மேல கடம்பூர் மலை. அங்கயும் மலையாளிங்க இருக்காங்க. அதே பேர், அதே மலை வாழ்க்கை. ஆனா ஈரோடு 1979-ல பிரிஞ்சது கோயமுத்தூர்லேர்ந்து. அந்த ஆறு மாவட்டத்துல கோயமுத்தூர் இல்லை. அதனால அவங்க பழங்குடி இல்லை! பல வருஷமா மனு கொடுத்து, போராட்டம் பண்ணி, கேட்டுக்கிட்டே இருக்காங்க.

கவனிச்சீங்களா? கவுண்டர்ங்கிற பேரை வச்சு வேற வேற ஜனத்தை ஒண்ணாக்குறாங்க. மலையாளிங்கிற பேர் இருந்தும் ஒரே மாதிரி ஜனத்தை மாவட்ட எல்லையை வச்சு ரெண்டாக்குறாங்க. ஒரே பேருக்கு ஒரு இடத்துல ரொம்ப மதிப்பு, இன்னொரு இடத்துல மதிப்பே இல்லை. ரெண்டுலயும் மலையேறி வந்து ஆளைப் பார்த்தவன் யாரும் இல்லை.

எங்க வீட்டுக் கதையும் ஒண்ணு உண்டு. எங்கப்பாவைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தப்போ வாத்தியார் 'மலையாளி'ன்னு எழுதினார். சித்தப்பாவைச் சேர்த்தப்போ வேற வாத்தியார், கீழேயிருந்து வந்தவர். தாத்தா பேர் என்னன்னு கேட்டிருக்கார், கவுண்டர்னு முடியவும் 'இந்து கவுண்டர்'னு எழுதிட்டார். அவர் மேல தப்பு சொல்லலை, அவருக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு சித்தப்பா பொண்ணு சான்றிதழ் கேட்டு ஒரு அலுவலகத்துக்குப் போனா, "அப்பா டி.சி.யில கவுண்டர்னு இருக்கு, நீ எப்படிம்மா மலையாளி?"ங்கிறாங்க. என் சான்றிதழைக் காட்டினோம். ஒரே தாத்தா, ஒரே வீடு, ஒரே பட்டா. "அது வேற ஃபைல்"னு பதில். எத்தனை தடவை மலை இறங்கி ஏறினோம்னு கணக்கே இல்லை, ஒரு தடவை போறதுன்னா ஒரு நாள் கூலி போச்சு. கலந்தாய்வு முடிஞ்சு போச்சு. அந்த வருஷம் வீட்டுல உக்காந்திருந்தா. அடுத்த வருஷம்தான் சான்றிதழ் கைக்கு வந்துச்சு.

பழங்குடிக்குத் தமிழ்நாட்டுல இட ஒதுக்கீடு ஒரு சதவீதம். நூத்துல ஒண்ணு. அந்த ஒண்ணும் வாத்தியார் எழுதின ஒரு வார்த்தையில போயிடுது.

இது எங்க மலைக்கு மட்டும் வந்த வியாதி இல்லை

வடக்கே 'தாக்கூர்'னு ஒரு பேர். உ.பி. பக்கம் கேட்டா ராஜபுத்திரர். வங்காளத்துல கேட்டா நம்ம ரவீந்திரநாத் தாகூர் குடும்பம், பிராமணர். பீகார்ல கர்ப்பூரி தாக்கூர், முதலமைச்சரா இருந்தவர், 2024-ல பாரத ரத்னா கொடுத்தாங்க, நாவிதர் குடும்பத்துல பொறந்தவர். மகாராஷ்டிராவுல தாக்கூர்ங்கிறது பழங்குடிப் பட்டியல்ல இருக்கிற பேர். ஒரே பேர், மேல்தட்டுலேர்ந்து மலங்காடு வரைக்கும். இந்த மகாராஷ்டிரா தாக்கூர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் 2023 மார்ச்ல தீர்ப்பு வந்துச்சு. சடங்கு, சம்பிரதாயம் தெரியுமான்னு வைக்கிற பரீட்சையை மட்டுமே உரைகல்லா எடுத்துக்கக் கூடாதுன்னு சொன்னாங்க.

அதே மகாராஷ்டிராவுல 'கோலி'. மும்பைக் கடற்கரையில மீன் பிடிக்கிற கோலி வேற, சஹ்யாத்ரி மலையில இருக்கிற மகாதேவ் கோலி வேற. மகாதேவ் கோலிக்கு இன்னொரு பேர் டோங்கர் கோலி. டோங்கர்னா மலை. அங்கயும் பாருங்க, மலையில இருக்கிறவனுக்கும் கீழே இருக்கிறவனுக்கும் ஒரே பேர். 1994-ல மாதுரி பாட்டீல் வழக்குல, மகாதேவ் கோலின்னு சொல்லி மருத்துவப் படிப்புல இடம் வாங்கின குடும்பத்தோட பழைய பள்ளிப் பதிவுல வெறும் 'இந்து கோலி'ன்னு இருந்தது பெரிய விஷயமாச்சு. சான்றிதழ் செல்லாதுன்னு ஆச்சு. சரிபார்ப்புக் குழுக்கள் அமைக்கச் சொன்னதும் அந்தத் தீர்ப்புதான்.

கொரியாவுல அஞ்சுல ஒருத்தருக்குக் கிம்னு சர்நேம். அவங்க என்ன பண்றாங்க? பேரோட ஊரையும் சேர்த்துக் கேட்கிறாங்க. கிம்ஹே கிம் வேற, கியோங்ஜூ கிம் வேற. எங்க மலையில "எந்த நாடு?"ன்னு கேட்கிற மாதிரியேதான். பேர் மட்டும் போதாதுன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

"அப்போ போலிச் சான்றிதழ்?"

வரும், இந்தக் கேள்வி கண்டிப்பா வரும். "தம்பி, பேரை வச்சு எத்தனை பேர் ஏமாத்துறான் தெரியுமா? கெடுபிடி இல்லேன்னா ஊர்ல இருக்கிறவன் எல்லாம் கொண்டா ரெட்டி ஆயிடுவான்."

நியாயமான கேள்விதாங்க. போலிச் சான்றிதழ்ல முதல்ல இடத்தை இழக்கிறது நாங்கதான், உங்களை விட எங்களுக்குத்தான் அந்தக் கோபம் அதிகம். ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க. போலி ஏன் சாத்தியமாகுது? பேரையே ஆதாரமா எடுத்துக்கிறதாலதான். ரெட்டின்னு முடியுற ஒருத்தர் கொண்டாவைச் சேர்த்துக்கலாம்னு நினைக்கிறதுக்கு இடம் கொடுக்கிறது அந்தப் பேர்தான். அதே பேர்தான் எங்க சித்தப்பா பொண்ணைத் தடுக்குது. பொய்யானவனை உள்ளே விடுற ஓட்டையும், உண்மையானவளை வெளியே நிறுத்துற பூட்டும் ஒண்ணுதான். நீங்க இன்னும் கெடுபிடியாப் பேரைப் பார்த்தா, நல்லாப் படிச்ச போலி நல்லாப் பேரை மாத்திக்கிட்டு வருவான். எங்க தாத்தாவுக்கு அது தெரியாது. அவர் கவுண்டர்னே கைநாட்டு வச்சுட்டுப் போயிட்டார்.

"சரி, நீதிமன்றத்துல கேளுங்களேன்"னு சொல்றவங்களுக்கு: முடியாது. அரசியல் சட்டத்தோட 342-வது பிரிவுப்படி, பட்டியலை ஒருதடவை அறிவிச்சுட்டா அப்புறம் மாத்துற அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு மட்டும்தான். ஹல்பா, ஹல்பா கோஷ்டி வழக்குல (அதுவும் பேர்க் குழப்பம்தான்!) 2000-ல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு. பட்டியல்ல இருக்கிறதை இருக்கிறபடியே படிக்கணும், நீதிமன்றம் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

நாடாளுமன்றம் என்ன பண்ணுச்சு? 2016-ல வந்த மசோதாவுல 'மலையாளி கவுண்டர்'ங்கிற பேரையும், நரிக்குறவர், குருவிக்காரர் பேர்களையும் சேர்க்கிறதா இருந்துச்சு. அது நிறைவேறலை. 2022 டிசம்பர்ல ரெண்டு அவையிலயும் நிறைவேறின திருத்தத்துல நரிக்குறவர், குருவிக்காரர் வந்துட்டாங்க. ரொம்ப சந்தோஷம், அவங்க எத்தனை வருஷம் காத்திருந்தாங்க. 'மலையாளி கவுண்டர்' அதுல இல்லை.

என்ன பண்ணலாம்?

குறை மட்டும் சொல்லிட்டுப் போறவன்னு பேர் வாங்க விருப்பமில்லை. மூணு விஷயம்.

ஒண்ணு, அந்த அடைப்புக்குறியை எடுங்க. மாநிலம் முழுக்க மலையாளின்னா மலையாளி. கேரளாவுலேர்ந்து வந்தவர் யாராவது புகுந்துடுவாரோன்னு பயமா? அவர் ஊர்ல போய் ரெண்டு கேள்வி கேட்டா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். அதுக்காக பர்கூர் மலைப் புள்ளைங்களோட படிப்பைப் பணயம் வைக்கிறது என்ன நியாயம்?

ரெண்டு, அப்பா வழியில ஒருத்தருக்கு முறையா விசாரிச்சுச் சான்றிதழ் கொடுத்தாச்சுன்னா, அதே வீட்டுல அடுத்த புள்ளைக்கு அதையே ஆதாரமா எடுத்துக்குங்க. பழைய டி.சி.யில வாத்தியார் எழுதின ஒரு வார்த்தைக்காக வம்சத்தையே மறுபடி விசாரிக்காதீங்க. விசாரிச்சே ஆகணும்னா மலையேறி வாங்க. எந்த நாடு, எந்த ஊர், யாரு வகையறான்னு எங்க பெரியவங்ககிட்ட கேளுங்க. சாமைச் சோறும் போட்டு அனுப்புறோம்.

மூணு, இது நமக்கு. பேரைக் கேட்டதும் "நம்மாளா?"ன்னு கணக்குப் போடுறதை விடுங்க மக்களே. ஒருத்தரோட எழுத்தைப் படிச்சுட்டு, அவர் பேரோட வாலைத் தேடி, அதை வச்சு அவர் என்ன சொல்ல வர்றார்னு முடிவு பண்றோம் பாருங்க, அதுவும் இதே வியாதிதான். அளவு சின்னது, அவ்வளவுதான். அப்புறம் குடும்பப் பேர் வேணும்னு கேட்கிற நண்பர்களுக்கு: ஃபாரத்துல கட்டம் காலியா இருக்குன்னா ஃபாரத்தை மாத்தச் சொல்லுங்க. அப்பா பேரோ, ஊர்ப் பேரோ போட்டுக்குங்க. 1929-ல இறக்கி வச்ச மூட்டையைத் திரும்பத் தலையில ஏத்தாதீங்க. அந்த மூட்டைக்குள்ள யாரு யாரு இருக்காங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

டிஸ்கி 1: கோயமுத்தூர் நண்பன் இதைப் படிச்சுட்டு, "அப்போ நான் உனக்கு நம்மாளு இல்லையா?"ன்னு கேட்டுட்டான். நீ எப்பவும் நம்மாளுதான்டா. அதுக்குக் கவுண்டர் எதுக்கு?

டிஸ்கி 2: சித்தப்பா பொண்ணு இப்போ நர்சிங் மூணாவது வருஷம். அவளுக்கு அடுத்தது தம்பி, பத்தாவது படிக்கிறான். அவனுக்கும் சான்றிதழ் எடுக்கணும். மனு இந்த வாரமே போட்டுட்டேன். இந்தத் தடவை அக்கா சான்றிதழ் நகலையும் சேர்த்து வச்சிருக்கேன். அதையும் 'வேற ஃபைல்'னு சொன்னா இன்னொரு பதிவு வரும், சொல்லிட்டேன்.